நூற்றுப் பதினேழின் முதுகு

மூன்று முறை எண்ணினாலும் மூன்றாகவே இருக்கும் வாத்துகள், பரிசளிப்பு மேடையில் மட்டும் எப்படி நான்கு ஆகும்?

பள்ளியில் கடைசி வருடம் படிக்கும்போது இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊர் ஓவிய அருங்காட்சியகம் மாணவர்களுக்காக ஒரு போட்டி நடத்தியது. ‘அந்தியில் குளம்’ என்ற பெரிய ஓவியத்தின் முன்னால் எங்களில் நாற்பத்திரண்டு பேரை நிறுத்தி, இரண்டு நிமிடம் பார்க்கவிட்டு, பிறகு கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்துக் கேள்விகள் கேட்டார்கள். ஏழாவது கேள்வி: குளத்தில் எத்தனை வாத்துகள்? நாற்பத்திரண்டு பேரும் மூன்று என்று எழுதினோம். இயக்குநர் மேடையேறி, “சரியான விடை நான்கு” என்றார்.

பின்வரிசையிலிருந்து என் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்தாள். “சார், நாங்க நல்லாப் பாத்தோம் சார். மூணுதான் இருக்கு.”

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் யார் மேலும் கோபப்பட மாட்டார்; பரிதாபப்படுவார். “நாலாவது வாத்து நாணலுக்குப் பின்னாடி இருக்கும்மா. அதைக் கண்ணால பாக்கக் கூடாது. மனசால பாக்கணும்.”

“மனசால பாத்தா அஞ்சுகூடத் தெரியும் சார்” என்றாள் அவள். ஆசிரியை அவள் தாவணி நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

பத்துக்குப் பத்து எடுத்தவருக்குத்தான் பரிசு என்பதால் யாருக்கும் பரிசு கிடைக்கவில்லை. பரிசு, இயக்குநரே எழுதிய புத்தகம் என்பதால் யாரும் அழவுமில்லை.

அந்த வாத்துக் கணக்கின் விடை என் மாமாவிடம் இருந்தது. ஆனால் மாமா அதுவரை ஒரு வாத்தையும் பார்த்ததில்லை. அவர் கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அம்மாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் நான் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா அதே அருங்காட்சியகத்தில் கிடங்குக் காப்பாளர். இருபத்தாறு வருடங்களாக ஒரே வேலை, ஒரே நாற்காலி, ஒரே சாவிக்கொத்து. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஓவியங்கள். அவற்றில் அறுபது மாடியில் மாட்டியிருக்கும். மற்றவை கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் தொடங்கும் நீளமான அறையில், மர ரேக்குகளில் புத்தகம் அடுக்கியதுபோல நின்றிருக்கும். முன்பக்கத்தை வெளிச்சம் கெடுத்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணியில் முகத்திரை கட்டியிருக்கும். வெளியே தெரிவது முதுகு மட்டும்.

அந்த முகத்திரையை, காப்பாட்சியர் என்ற அதிகாரி நேரில் நின்றால்தான் கழற்றலாம் என்பது கிடங்கின் விதி. காப்பாட்சியர் ஓய்வுபெற்று ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆகவே ஒன்பது வருடங்களாக அந்த ஓவியங்களை யாரும் பார்க்கவில்லை. விதிப்படி அவை மிகப் பாதுகாப்பாக இருந்தன.

அதற்கு முந்தைய பதினேழு வருடங்களிலும் மாமா எட்டிப் பார்த்ததில்லை. “அது அவங்க டிபார்ட்மென்ட்” என்பார். மாமாவின் டிபார்ட்மென்ட் முதுகு. உள்சட்டத்தின் மரம், துணியை இழுத்து அடித்த ஆணிகள், மூலைகளில் செருகிய சிறு ஆப்புகள், ஒட்டிய சீட்டுகள், கறைகள். ஒவ்வொரு வாரமும் ஒரு ரேக்கை மென்மையான தூரிகையால் தூசு தட்டுவார். எண்பத்தெட்டின் முதுகில் ஒரு குழந்தை கிறுக்கிய சூரியன் இருக்கும். இருநூற்று மூன்றின் மரத்தில் ஒரு பக்கம் கரையான் தொட்டுவிட்டு, ருசிக்காமல் போய்விட்டது. நூற்றுப் பதினேழில் வலது ஓரம் மனிதக் காதுபோல ஒரு கறை. இடது கீழ்மூலையில் ஆப்புக்குப் பதிலாக யாரோ மடித்துச் செருகிய பழைய பஸ் டிக்கெட். மேல்வரிசையில் நாலாவது ஆணி வளைந்திருக்கும். இதையெல்லாம் மாமா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அருங்காட்சியகத்தில் அவருக்கு ‘முதுகு’ என்றே பெயர். “முதுகு வந்தாச்சா?” “முதுகு டீ குடிக்கப் போயிருக்கு.” மாமா இதற்கெல்லாம் திரும்பிப் பார்ப்பார்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கும் படத்தைத் திருப்பிப் பார்ப்பார். “கொக்கி துரு புடிச்சிருக்கு, சீக்கிரம் விழும்” என்பார். அந்த வீட்டுக்காரர் பெருமையோடு காட்டிய மகனின் பட்டமளிப்புப் படத்தில் மகன் இருந்தானா என்று கேட்டால் தெரியாது.

அத்தை தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு உழைக்கிறவள். வாயும் மிஷின் வேகத்தில் ஓடும். “கல்யாணம் ஆகி இருபத்தி மூணு வருஷம். என் மூஞ்சி எப்படியிருக்கும்னு கேட்டுப் பாரு, முழிப்பாரு” என்பாள் என்னிடம்.

“உனக்கு வலது தோள்பட்டைகிட்ட பிளவுஸ்ல எப்பவும் ஒரு ஊசி குத்தியிருக்கும்” என்பார் மாமா அமைதியாக.

“பாத்தியா! அதுவும் பின்பக்கம்தான்!”

இப்போது குளத்துக்கு வருகிறேன். நூற்றுப் பதினேழுதான் ‘அந்தியில் குளம்’. அதை வரைந்த ஓவியர் காலமாகி நெடுங்காலம் ஆகிறது. அவர் அதே குளத்தை, அதே அளவில், ஏழு தடவை வரைந்திருக்கிறார். வேறு குளத்துக்கு நடக்கச் சோம்பலாக இருந்திருக்கும் என்பது மாமாவின் கருத்து. இயக்குநரின் புத்தகத்தில் அதற்கு ‘இடையறாத தேடல்’ என்று பெயர். அந்தப் புத்தகம் நூற்றெண்பது பக்கம். எங்கள் குளத்திலுள்ள நான்கு வாத்துகளும் மனித வாழ்வின் நான்கு பருவங்கள் என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இயக்குநர் வந்து ஆறு வருடங்கள்தான் ஆகின்றன என்பதையும் முகத்திரை விதியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: பார்க்காத ஓவியத்தைப் பற்றித்தான் நூற்றெண்பது பக்கம் எழுதியிருக்கிறார். பழைய அட்டவணை நூலில் ‘குளம், நாணல், வாத்துகள் 4’ என்று ஒரு வரி இருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழு குளங்களும் ஏழு அருங்காட்சியகங்களில் இருந்தன. தலைநகரத்தில் அவற்றை ஒன்றுசேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். நூற்றுப் பதினேழு மரப்பெட்டியில் போனது. ஐந்து மாதம் கழித்து மரப்பெட்டியில் திரும்பி வந்தது. மாமா பெட்டியைத் திறந்து, வழக்கம்போல முதுகைப் பார்த்தார். காதுக் கறை இல்லை. பஸ் டிக்கெட் இல்லை. எட்டு ஆப்பும் ஒழுங்காக இருந்தன. நாலாவது ஆணி நேராக இருந்தது. ஒரு நீலச் சீட்டைச் சுரண்டிய தடம் மட்டும் இருந்தது.

“இது நம்மது இல்ல சார்” என்றார் மாமா.

தலைநகரத்தில் முகத்திரையைக் கழற்றிவிட்டிருந்ததால், இயக்குநர் முன்பக்கத்தைப் பார்த்தார். குளம் இருந்தது. அந்தி இருந்தது. “குளம்தானே?”

“குளமா இருக்கலாம் சார். நம்ம குளம் இல்ல.”

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் மாமா. அவர் போடவில்லை. அருங்காட்சியகத்தில் அதுவரை யாரும் கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை என்பதால், அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தலைநகரத்திலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஓவியத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இது அவர் கைதான். சந்தேகமே இல்லை” என்றார்.

அது உண்மைதான். ஏழுமே அவர் கைதானே.

மாமா விடவில்லை. “சார், அந்தக் காதுக் கறை?”

“கண்காட்சிக்கு முன்னாடி சுத்தம் பண்ணியிருப்பாங்க.”

“கறையைச் சுத்தம் பண்ணலாம் சார். வளைஞ்ச ஆணியை யாரு சார் சுத்தம் பண்ணுவாங்க?”

நிபுணர் இயக்குநரைப் பார்த்தார். “இவர் என்ன படிச்சிருக்கார்?”

“முதுகு” என்றார் இயக்குநர். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமானது.

அடுத்த நாள் மெமோ வந்தது. ஏழு நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். தவறினால், ஆறு மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள நாணயப் பிரிவுக்கு மாற்றம். பத்தாம் நாள் அமைச்சர் வருகிறார். அவர் முன்னிலையில் ‘திரும்பி வந்த செல்வம்’ என்று குளத்தைத் திறந்துவைக்க வேண்டும். அதுவரை கையெழுத்து இல்லாமலே, தற்காலிகமாக, மாடியில் மாட்டிவிட்டார்கள்.

மாமா அந்த மெமோவை அத்தையிடம் கொடுத்தார். அத்தை மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். முன்னறையில் இரண்டு மிஷின், சுவரெல்லாம் பாதி தைத்த துணி, பதினைந்து வருடமாகச் சேர்த்த வாடிக்கை. அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

“கையெழுத்தைப் போட்டுட்டு வாங்களேன். ஒரு கோடுதானே?”

“நம்மது இல்லையே.”

“உங்க வீட்டுச் சொத்தா அது? குளம் போய் குளம் வந்திருக்கு. எவன் குளமா இருந்தா என்ன?”

“என் கையெழுத்து” என்றார் மாமா.

ஆனால் நாலைந்து நாள் போனதும் மாமாவுக்கே தடுமாற்றம் வந்தது. நிபுணர் சொல்கிறார், இயக்குநர் சொல்கிறார், தன் பக்கம் ஒரு கறையும் ஒரு பஸ் டிக்கெட்டும்தான். ஐந்தாம் நாள் காலை சாப்பிடும்போது, “ஒருவேளை நான்தான் வேற நம்பரோட முதுகை நினைச்சுக் குழப்பிக்கிறேனோ” என்றார். பாதித் தட்டோடு எழுந்தார். சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். மதியத்துக்குமேல் போட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று காலைதான் எங்கள் போட்டி.

போட்டி முடிந்ததும் நேராகக் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். மாமா மேஜையில் ரசீதை விரித்துவைத்து, பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

“மாமா, நூத்திப்பதினேழுல எத்தனை வாத்து?”

“வாத்தா? அதுல வாத்து இருக்கா?”

நடந்ததைச் சொன்னேன். மூன்று என்று எழுதிய நாற்பத்திரண்டு பேர், நான்கு என்ற இயக்குநர், நாணலுக்குப் பின்னால் ஒளிந்த வாத்து. மாமா பேனாவை மூடினார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய அட்டவணையை எடுத்தார். அதை எழுதியவர் ஒவ்வொரு ஓவியத்தையும் முன்னால் நின்று பார்த்து எழுதிய பழைய காப்பாட்சியர். ‘117. அந்தியில் குளம். குளம், நாணல், வாத்துகள் 4.’

“அவரு மனசால பாக்குற ஆள் இல்ல” என்றார் மாமா. “அவரு எண்ணுவாரு.”

அன்றுதான் மாமா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். முதுகும் தப்பு, முகமும் தப்பு. அப்படியானால் எங்கள் நூற்றுப் பதினேழு வேறு எங்கோ, வேறு ஒரு ரேக்கில், வேறு எண்ணோடு நின்றுகொண்டிருக்கிறது. ஏழு பெட்டிகளை ஒரே மதியத்தில் மூடியவர்கள், ஒன்றின் சீட்டை இன்னொன்றில் ஒட்டியிருக்கிறார்கள்.

இதை இயக்குநரிடம் போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“சொன்னா என்ன ஆகும்? நிபுணர் பொய் சொன்னார்னு ஆகும். ஓவியத்தைப் பாக்காமலே புஸ்தகம் எழுதினார்னு ஆகும். அதை ஒத்துக்குறதுக்குப் பதிலா வாத்தை வரைஞ்சே சேத்துடுவாங்க.”

மாமா போனை இழுத்தார். மற்ற ஆறு அருங்காட்சியகங்களின் எண்களும் பெட்டியோடு வந்த தாளில் இருந்தன. வரிசையாகக் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. “வணக்கங்க, கிடங்குல யாருங்க? உங்க குளத்தோட முதுகு எப்படி இருக்கு?”

முதல் இடத்தில், “முதுகா? ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் கிடங்குக் காப்பாளர் பதவியே மூன்று வருடமாகக் காலி. சாவி எங்கே என்று மாமாவிடமே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் நேராக அங்குள்ள இயக்குநருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். அவர், இது முக்கியமான விஷயம், இதை ஆராய ஒரு குழு அமைப்போம், குழுவை அமைப்பது பற்றி ஆராய இன்னொரு குழு அமைப்போம் என்றார். நான்காவது இடத்தில் ஓவியத்தை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சுத்தியல் கேட்டு எழுதியிருக்கிறார்களாம்.

ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தார். மாமா கேள்வியைக் கேட்டார். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மாமா காதிலிருந்து எடுக்கப் போனார். அப்போது அந்தக் குரல் மெல்லக் கேட்டது.

“அண்ணே… காது மாதிரி ஒரு கறை இருந்துச்சா உங்களுக்கு?”

மாமா உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். “பஸ் டிக்கெட்டு?”

“இடது மூலைல! எடுத்துக் கிழிச்சிடலாமான்னு பாத்தேன், மனசு வரலண்ணே. எங்களுதுல நீலச் சீட்டு ஒட்டியிருக்கும், நான்தான் ஒட்டினேன். திரும்பி வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கேன், இது நம்மது இல்லன்னு. எனக்கும் மெமோ கொடுத்துட்டாங்க.”

“எத்தனை நாளு?”

“பத்து.”

“பரவால்ல, எனக்கு ஏழுதான்” என்றார் மாமா. அதன் பிறகு இரண்டு பேரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். ஆணி, ஆப்பு, கரையான், தூரிகை. இருபத்தாறு வருடமாக மாமாவுக்குப் பேச ஆளில்லாத விஷயங்கள் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தில் வந்து விழுந்தன.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “யாரு அந்தப் பொம்பள?”

“கிடங்குக்காரம்மா.”

“நாப்பது நிமிஷம் என்ன பேசினீங்க?”

“முதுகைப் பத்தித்தான்.”

“என்கிட்ட நாலு வார்த்தைக்குமேல பேசினதில்ல, யாரோ ஒருத்திகிட்ட நாப்பது நிமிஷம் முதுகு!” என்றாள் அத்தை. “நானும் வரேன்.”

எங்கே வருவது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் பிரேம் பழுதுபார்ப்பவர் ஒரே தச்சர். இரண்டு ஊருக்கும் நடுவில், பெரிய சாலையோரத்தில் அவர் பட்டறை. பிரேமைப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு மட்டும் நிபுணரோ குழுவோ வேண்டாம்; காப்பாளர் எழுதி இயக்குநர் கையெழுத்திட்ட ஒரு கேட் பாஸ் போதும். அந்த விதியை எழுதியவர்கள், பிரேமுக்குள் ஓவியமும் சேர்ந்து போகும் என்பதை யோசிக்க மறந்துவிட்டார்கள்.

மாமா ஒரு குறிப்பு எழுதினார்: ‘117-இன் பிரேமில் ஆட்டம் காணப்படுகிறது. திறப்பு விழாவின்போது சிறப்பு விருந்தினர் தலையில் விழ வாய்ப்புள்ளது.’

காதுக் கறையை ஒரு வாரமாகக் காதில் போட்டுக்கொள்ளாத இயக்குநர், இதற்கு ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். மேலே ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

ஆறாம் நாள் காலை ஒரு வாடகை வண்டியில் குளத்தை ஏற்றிக்கொண்டு மாமாவும் அத்தையும் போனார்கள். நான் போகவில்லை, பரீட்சை இருந்தது. அங்கே நடந்தது அத்தை சொல்லித்தான் தெரியும். ஆகவே இந்தப் பகுதியில் கொஞ்சம் காரம் கூடுதலாக இருக்கலாம்.

அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். பட்டறை வாசலில் இன்னொரு வண்டி நின்றது. பக்கத்தில் ஐம்பது வயதில், கண்ணாடி போட்ட, தலையெல்லாம் தூசு படிந்த ஓர் அம்மா. அவர் அத்தையைப் பார்க்கவே இல்லை. மாமாவையும் பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்னால் போய், துணியை விலக்கி, சுரண்டிய நீலச் சீட்டின் தடத்தை விரலால் தடவி, “வந்துட்டியா” என்றாராம். மாமா அந்தப் பக்கம் மற்ற வண்டியில் குனிந்து, “நாலாவது ஆணி… ஆமா, நாலாவது ஆணி” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

“இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே இல்லடி” என்றாள் அத்தை. “நான் எதுக்கு அவ்ளோ தூரம் போனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.”

தச்சர் இரண்டு பிரேமையும் தட்டிப் பார்த்தார். “ஒண்ணும் ஆடலையே. எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“இப்ப ஆடாது” என்றார் மாமா.

ஆளுக்கொரு ஓவியத்தை மாற்றி ஏற்றிக்கொண்டார்கள். தச்சர் இரண்டு கேட் பாஸிலும் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று எழுதினார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யில்லை.

கிளம்பும் நேரத்தில் அத்தைக்கு நான் கேட்டது நினைவுக்கு வந்தது. “எண்ணிட்டு வாங்கன்னு பொண்ணு சொல்லி அனுப்பிச்சுதே.”

மாமா தயங்கினார். “காப்பாட்சியர் இல்லாம…”

“அண்ணே, இது கிடங்கு இல்ல, பட்டறை” என்றார் அந்தக் கிடங்குக்காரம்மா. “இங்க அந்த விதி கெடையாது.”

மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். இருபத்தாறு வருடம் முதுகில் தூசு தட்டிய ஓவியத்தை, சாலையோர வெயிலில், லாரிகள் போகும் சத்தத்தில், முதல்முறையாக முன்னாலிருந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்றாள் அத்தை. அழகாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ சொல்லவில்லை.

“நாலு” என்றார். “ஒண்ணு கொஞ்சம் குண்டு.”

பிறகு பக்கத்தில் நின்ற அத்தையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாராம். அத்தை இதை மட்டும் என்னிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டு, உடனே மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

ஏழாம் நாள் காலை மாமா ரசீதில் கையெழுத்துப் போட்டார். இயக்குநருக்கு மகா சந்தோஷம். “ஒரு மெமோல சரியாப் போச்சு பாத்தீங்களா” என்று எல்லோரிடமும் சொன்னார். தாமதத்துக்காக மாமாவின் பணிப்பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. அது இன்றும் இருக்கிறது. மாற்றல் ரத்தானது. மிஷின்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பத்தாம் நாள் அமைச்சர் வந்து திரையை இழுத்தார். எங்கள் சொந்தக் குளம், நான்கு வாத்துகளோடு, எல்லோர் முன்னாலும் நின்றது. முன்வரிசையில் நிபுணர். இயக்குநர் ஒலிபெருக்கியில் விளக்கினார்: “கண்ணுக்குத் தெரிவது மூன்று வாத்துகள். நான்காவது வாத்து நாணலுக்குப் பின்னால், மௌனமாக…”

நூறு பேர் கைதட்டினார்கள். அமைச்சர் நாணலை உற்றுப் பார்த்து, “ஆமா, தெரியுது” என்றார்.

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் அந்த ஒளிந்த வாத்து பற்றி ஓர் அத்தியாயம் சேர்ந்துவிட்டது. அடுத்த வருடப் போட்டியில் ‘கண்ணுக்குத் தெரியும் வாத்துகள் எத்தனை?’ என்று கேட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நான்கு என்று எழுதினார்கள். சரியான விடை மூன்று. அந்த வருடமும் யாருக்கும் பரிசில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சிரிப்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. ஏழு குளங்களில் இரண்டுதான் வீடு திரும்பியிருக்கின்றன. மற்ற ஐந்தையும் அதே மதியம், அதே ஆட்கள்தான் பெட்டியில் போட்டார்கள். மாமா இப்போதும் மாதம் ஒருமுறை அந்த எண்களுக்குப் போன் செய்கிறார். சுத்தியல் இன்னும் வரவில்லையாம். ஓவிய அருங்காட்சியகம் உள்ள ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். இயக்குநர் அறைக்குப் போக வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில் சாவிக்கொத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் குளத்தின் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் பேசாமல் கொஞ்ச நேரம் உங்களையே பார்த்தால், அவருக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் மாமாவின் நம்பரை அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.